சுவருக்கு ஒரு முழம் முன்னால்

நூம்பலில் ஐந்து பிளாக் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பத்து வருடமாகச் சுத்தம் செய்கிறாள் கஸ்தூரி. அந்தத் தண்ணீரில் அவள் இன்றுவரை இறங்கியதில்லை. வேலையாட்கள் இறங்கக் கூடாது என்பது விதி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயராமன் அதை எழுதி, லேமினேட் செய்து, குளிக்கும் அறைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வேலையாட்கள் கால் நனைத்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் அதே தண்ணீரில் என்னென்ன செய்கின்றன என்பது அவருக்குத் தெரியாது, கஸ்தூரிக்குத் தெரியும்.

அந்த இடம் வயலாக இருந்தபோது அவளுடைய அம்மா அங்கே நாற்று நட்டவள். அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை கஸ்தூரி. சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பதற்கு, நிமிர்ந்து நின்று நீளக் கம்பு வலையால் வேப்பிலை அள்ளுவது எவ்வளவோ மேல் என்பாள். கணவன் துலுக்கானத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றும் வேலை. மகள் சுவேதா பூந்தமல்லியில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். குளத்துக்குப் பின்பக்கத் தெருவில்தான் வீடு.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் காலை, பி பிளாக் ஆக்னஸ் தன் பதினொரு வயது மகள் ரோஷினியைத் தண்ணீரில் இறக்கியிருந்தாள். ரோஷினிக்குப் பிறந்ததிலிருந்து கண் தெரியாது. தூத்துக்குடிக்காரியான ஆக்னஸ், அப்பா எனக்குக் கடலில் கற்றுக்கொடுத்தார், நான் இவளுக்கு இதிலாவது கற்றுக்கொடுக்கிறேன் என்று பிடிவாதமாக இறங்கியவள். கணவர் கப்பல் வேலையில் வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். அன்றைக்கு ஆக்னஸின் கம்பெனியிலிருந்து ஏதோ அவசர அழைப்பு. அவள் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். மல்லாந்து நீந்திக்கொண்டிருந்த பெண் நேராகச் சுவரை நோக்கித் தலையால் வந்தது. எதிரே இலை அள்ளிக்கொண்டிருந்த கஸ்தூரி யோசிக்கவே இல்லை. வலைக் கம்பைத் திருப்பிப் பிடித்து, அதன் முனையால் அந்தத் தலையில் மெல்லத் தட்டினாள்.

"செவுரு வருது பாப்பா!"

பெண் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுச் சிரித்தது. "இன்னொரு வாட்டி தட்டுங்கக்கா" என்றது. அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் கம்பின் முனையில் ஸ்பாஞ்சைக் கட்டினார்கள், பிறகு டென்னிஸ் பந்து. பயிற்சி கொடுக்க விக்ரம் என்ற இளைஞர் வந்தார். கண் தெரியாதவர்களின் நீச்சலில் இப்படித் தட்டுவதற்கென்றே விதிப்படி ஓர் ஆள் உண்டு, அந்த ஆளுக்கு டேப்பர் என்று பெயர் என்று அவர் சொன்னபோது, கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளிப் போட்டி, மாநிலம், தேசியம் என்று ரோஷினி போன இடமெல்லாம் கம்பும் போயிற்று, கஸ்தூரியும் போனாள்.

தட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நாள் செய்து பார்க்க வேண்டும். சீக்கிரம் தட்டினால் பெண் சுவருக்கு முன்னாலேயே கையை நீட்டி, நீட்டின கையோடு மிதந்து வந்து நேரத்தைக் கோட்டை விடுவாள். தாமதமாகத் தட்டினால் மண்டை உடையும். குளத்துக்குக் குறுக்கே, சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், தலைக்கு மேலே, சின்னக் கொடிகள் கோத்த ஒரு கொடிக்கயிறு கட்டியிருப்பார்கள். தலை அந்தக் கயிற்றைத் தாண்டியதும் இரண்டு கை எண்ண வேண்டும். மூன்றாவது கை எழும்பும்போது நடு உச்சியில் தட்ட வேண்டும். தட்டல் விழுந்ததும் ரோஷினி இன்னும் ஒரு கை முழுசாகப் போட்டு, அடுத்த கையால் சுவரை அடிப்பாள். மற்றவர்கள் தட்டினால் ரோஷினி கடைசிப் பத்து மீட்டரில் தன்னை அறியாமல் வேகத்தைக் குறைப்பாள். கஸ்தூரி நின்றால் குறைக்க மாட்டாள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பந்தயம் முடிகிற சுவரில் கஸ்தூரியும், திரும்புகிற சுவரில் விக்ரமும் நிற்பது என்று ஏற்பாடு.

இந்த ஆடி மாதம் கஸ்தூரியின் வலை ஒரு வேப்பிலையைத் தவறவிட்டது. இலை இருந்த இடம் ஒன்று, வலை விழுந்த இடம் வேறு. காற்று என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் குளமே பால் கலந்த மாதிரித் தெரிந்தது. திருவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். யாருக்கும் சொல்லாமல் ஷேர் ஆட்டோவில் போய் வந்தாள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கப்புறம் ஒரு மாதம் தண்ணீர் தெறிக்கிற இடத்துக்கே போகக் கூடாது என்றார் டாக்டர்.

ஐப்பசியில் வெளிநாட்டில் சர்வதேச சாம்பியன்ஷிப். முழுப் பார்வையற்ற பெண்களுக்கான நூறு மீட்டர் மல்லாந்து நீச்சலில் ரோஷினியின் பெயர் தேர்வாகியிருந்தது. கஸ்தூரியின் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அந்தத் தெருவில் முதல் பாஸ்போர்ட். முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் அவளுடைய அக்கா ரேணுகா, பார்க்கிறவர்களிடமெல்லாம் தங்கச்சி ஏரோப்ளேன் ஏறப்போகிறாள் என்று சொல்லி முடித்திருந்தாள். கஸ்தூரி டாக்டர் கொடுத்த சீட்டை நாலாக மடித்து அரிசிப் பானைக்குள் போட்டாள். அரிசி எடுக்கப் போன சுவேதா அதைப் பார்த்துவிட்டாள்.

"யம்மா, நீயா சொல்லலன்னா நான் போயி ஆக்னஸ் மேடத்தாண்ட சொல்லிடுவேன்."

"சொல்லித்தான் பாரேன். அப்பால உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

"அந்தப் பொண்ணு மண்டைய ஒடைச்சிக்கினா இன்னா பண்ணுவே?"

கஸ்தூரி சீட்டைப் பிடுங்கி மறுபடி அரிசிக்குள் புதைத்தாள். அவளுக்குப் பயம். அந்தச் சுவரோரத்தில் நிற்கும்போது மட்டும்தான் அவள் யாரோ ஒருத்தியாக இருந்தாள். மற்ற நேரமெல்லாம் பின்பக்கக் கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வருகிறவள். கண் போய்விட்டது என்று வாயைத் திறந்தால் மறுநாளே கம்பு வேறு கைக்குப் போய்விடும். ரோஷினியின் தலையை நினைத்தால் அதைவிடப் பெரிய பயம். இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டிவிட்டாள். ரோஷினி எப்போதும்போலக் காலையில் வந்தாள், நீந்தினாள். வழக்கத்துக்கு மேல் தினமும் அரை மணி நேரம் சுவருக்கு வந்து வந்து பழகினாள். போட்டி வருகிறதே, அதனால் என்று கஸ்தூரி எண்ணிக்கொண்டாள்.

போய் இறங்கிய ஊரின் பெயர் கஸ்தூரியின் வாயில் நுழையவில்லை. குளிர் மட்டும் நன்றாக நுழைந்தது. அங்கே கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் அவளுடைய படமும், கீழே டேப்பர் என்று ஆங்கிலத்தில் எழுத்தும். அந்த அட்டையைப் பார்த்ததும் ஆறடி வெள்ளைக்காரன் ஒருவன் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். ஜெயராமன் சார் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் பயிற்சியில் ரோஷினியின் விரல் முட்டிகள் சுவரில் மோதித் தோல் உரிந்தது.

"இன்னா பாப்பா, கை இன்னாச்சி?"

"ஒண்ணுமில்லக்கா. நான்தான் கோணலா வந்துட்டேன்."

கோணலாக வரவில்லை. நேராகத்தான் வந்தாள். அது இடது கண்ணுக்கே தெரிந்தது. மறுநாள் காலை தகுதிச்சுற்று. ரோஷினி சீறிக்கொண்டு வந்தாள். கொடிக்கயிறு இரண்டாகத் தெரிந்தது. எதைத் தாண்டுகிறாள் என்று கஸ்தூரி தடுமாறினாள். தட்டியபோது கையும் சுவரும் ஏறக்குறைய ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. தட்டலும் தொடுதலும் ஒரே நேரம். ஒரு முழுக் கை தாமதம். பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வேகமான நேரம் என்று அறிவித்தார்கள். விக்ரம் கைதட்டினார், ஆக்னஸ் மேலே இருந்து கத்தினாள். பெண் எப்படித் தப்பித்தாள் என்று கஸ்தூரிக்கு மட்டும் விளங்கவே இல்லை. மாரியாத்தா காப்பாற்றினாள், இன்னொரு தடவை காப்பாற்றுவாளா என்று கேட்டுக்கொண்டாள். கேட்டதும் தாங்க முடியவில்லை.

ரோஷினி ஓய்வெடுக்கப் போன பிறகு, சாப்பாட்டுக் கூடத்தில் ஆக்னஸிடமும் விக்ரமிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முகாம், சீட்டு, அரிசிப் பானை எல்லாம்.

ஆக்னஸின் முகம் வெளுத்துப் போனது. "மூணு மாசமா? மூணு மாசமா எம்புள்ள தலையை உங்க கையில குடுத்துட்டு நான் ஆபீஸ் போய்ட்டு வந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா கஸ்தூரி?"

"தோணுச்சி மேடம். தெனம் தோணுச்சி."

"அப்புறம்?"

"அந்த எடத்த உட மனசு வர்ல."

ஆக்னஸ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். திட்டியிருந்தால் கஸ்தூரிக்குத் தேவலை என்று இருந்தது. பிறகு ஆக்னஸ், நானே தட்டுகிறேன், எனக்குக் காட்டிக்கொடுங்கள் என்றாள். அவளுக்கும் உதவியாளர் அட்டை இருந்தது, விதிப்படி தடை இல்லை.

"ரோஷினிகிட்ட சொல்லிடணும்" என்றார் விக்ரம்.

"வேணாம்" என்றாள் ஆக்னஸ். "நான்னு தெரிஞ்சா கடைசியில வேகத்தைக் குறைப்பா. அவளுக்குக் கஸ்தூரிதான். முடிஞ்சதும் சொல்லிக்கலாம்."

விக்ரம் கஸ்தூரியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். பெண் நிம்மதியாக நீந்தட்டும், வலி எல்லாம் நம்மோடு இருக்கட்டும் என்றுதான் ஆட்டினாள். அந்த மதியம் முழுக்கப் பயிற்சிக் குளத்தின் ஓரத்தில் ஆக்னஸுக்குப் பாடம் நடந்தது. விக்ரம் மல்லாந்து நீந்தி வர, கஸ்தூரி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். "கயிறு தாண்டிச்சா? ஒண்ணு, ரெண்டு, இப்பப் போடு. நடு மண்டையில. பயந்துகினு முன்னாடியே போட்டுறாத மேடம்." ஆக்னஸ் கெட்டிக்காரி. ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் இறுதிப் போட்டி. ரோஷினிக்கு மூன்றாவது தடம். எல்லாப் பெண்களுக்கும் ஒரு துளி வெளிச்சம் நுழையாத கறுப்புக் கண்ணாடி. கஸ்தூரிதான் எப்போதும்போல ரோஷினியைக் கைபிடித்து நடத்தி வந்தாள். துண்டை வாங்கிக்கொண்டாள். கைப்பிடி இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பெண்ணைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள்.

இறங்கும்போது ரோஷினி அவளுடைய மணிக்கட்டை ஒரு முறை அழுத்தினாள். "அக்கா, நீங்க பயப்படாம தட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

"சரி பாப்பா" என்றாள் கஸ்தூரி. வேறு என்ன சொல்வது? பின்னால் நகர்ந்து, அடிச்சத்தம் கேட்காமல் கம்பை ஆக்னஸின் கையில் கொடுத்தாள். அப்படிக் கொடுத்தபோது எதையோ திருடுகிற மாதிரி இருந்தது.

இந்தப் போட்டியில் பார்வையாளர்கள் சத்தம் போடக் கூடாது. தண்ணீரையும் தட்டலையும் வைத்துத்தான் பெண்கள் நீந்துகிறார்கள் என்பதால், அத்தனை பெரிய அரங்கமும் மூச்சை அடக்கிக்கொண்டது. ஊதல், பிறகு எட்டு உடல்களும் பின்னால் பாயும் சத்தம். போய்த் திரும்புவதற்குள் கஸ்தூரி ஆறு தெய்வங்களைக் கூப்பிட்டுவிட்டாள். திரும்பும் சுவரில் ரோஷினி நான்காவது. எழுபத்தைந்தாவது மீட்டரில் மூன்றாவது. பக்கத்துத் தடத்துப் பெண்ணை ஒரு தோள் தூரம் முந்திவிட்டாள். வேகம் குறையவில்லை. தலை கொடிக்கயிற்றைத் தாண்டியது. ஒன்று, இரண்டு. மூன்றாவது கை எழும்பியது. ஆக்னஸ் தட்டினாள்.

அச்சுக் குத்தியது போல நடு உச்சியில், சரியான நேரத்தில் விழுந்தது அந்தத் தட்டல். மூன்று மாதத்தில் ரோஷினிக்குக் கிடைத்த மிகச் சரியான தட்டல் அதுதான்.

ரோஷினி உடனே கையை நீட்டினாள். இன்னொரு கை போடவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே, உடல் விறைத்து, வெறும் தண்ணீரில் மிதந்தது. விரல்கள் சுவரைத் தேடின. சுவர் அங்கே இல்லை, இன்னும் ஒரு முழம் இருந்தது. பக்கத்துத் தடத்துக்காரி தன் கடைசிக் கையை முழுசாகப் போட்டுப் படாரென்று தொட்டாள். அதற்கப்புறம்தான் ரோஷினியின் விரல் தொட்டது. நான்காவது இடம். பதக்கத்துக்கும் அவளுக்கும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு.

அரங்கம் இப்போது கத்தலாம் என்று அனுமதி கிடைத்ததும் கத்தியது. ரோஷினி ஏறாமல் தண்ணீரிலேயே நின்றாள். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு தட்டினது?"

"நான்தாம்மா" என்றாள் ஆக்னஸ்.

"கஸ்தூரிக்கா எங்க?"

"இங்கதான் கீறேன் பாப்பா."

உடை மாற்றும் இடத்துக்குப் போகிற வழியில் ஒரு பெஞ்சு. துண்டைப் போர்த்தி உட்காரவைத்து, கஸ்தூரி அவள் முன்னால் தரையில் குந்தினாள். வலது கண்ணில் புரை, ஆடியிலிருந்து, உன் தலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துதான் இன்றைக்கு மாற்றினோம் என்று முழுசாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியுமேக்கா" என்றாள் ரோஷினி.

"இன்னா தெரியும்?"

"ஆடி மாசத்துலேர்ந்து உங்க தட்டல் நடுவுல விழல. இடது காதுகிட்ட விழுது, லேட்டாவும் விழுது. கண்ணுல ஏதோ ஆயிடுச்சுன்னு புரிஞ்சுது. சொன்னா அம்மா உங்கள மாத்திடுவாங்க. அதனால நானே மாத்திக்கிட்டேன். முன்னாடி நீங்க தட்டினா இன்னொரு கை போடுவேன். இப்போ போடுறதில்ல, தட்டினதும் நீட்டிடுவேன். அதுக்குத்தான் தினமும் அரை மணி நேரம் கூட நீந்தினேன். காலைல கரெக்டா வந்துச்சு இல்ல?" அவளுடைய குரல் உடைந்தது. "இன்னிக்கும் நீங்கன்னு நினைச்சு நீட்டிட்டேன். செவுரே இல்ல."

ஆக்னஸ் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்தினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றாள் கஸ்தூரி.

"நீங்க சொல்லியிருக்கலாமேக்கா. கையப் புடிச்சு எறக்கிவிட்டீங்களே, அப்போவாவது."

கஸ்தூரி அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. யார் யாரைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மூன்று பேருமே காப்பாற்றித்தான் இருக்கிறார்கள். அதில்தான் பதக்கம் போயிற்று.

ஊர் திரும்பியதும் குடியிருப்பின் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். உலக அரங்கில் நான்காம் இடம் என்று பெரிய எழுத்து. ரோஷினி, ஆக்னஸ், இருவரையும்விடக் கொஞ்சம் பெரிதாக ஜெயராமன். ஓரத்தில் ஒரு கம்பும் அதைப் பிடித்த வளையல் கையும் தெரிந்தன. கையின் சொந்தக்காரியை வெட்டிவிட்டார்கள். கஸ்தூரி அதற்கு வருத்தப்படவில்லை, வருத்தம் எல்லாம் வேறு இடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் ஆபரேஷன் ஆயிற்று. ஒரு மாதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். ரோஷினி இரண்டு முறை வந்து பார்த்தாள். பழம் கொண்டுவந்தாள், சுவேதாவோடு பேசினாள். கஸ்தூரியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள், அதற்கு மேல் பேச்சு நீளவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் கஸ்தூரி மறுபடி வலையை எடுத்தாள். குளத்தின் அடியில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் கோடுகூடத் தெரிந்தது. ஒரு வேப்பிலையையும் தவறவிடவில்லை. ஆறு மணிக்கு ஆக்னஸ் மகளை அழைத்து வந்தாள். கம்பை எடுத்துக் கஸ்தூரியின் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இந்த முறை ஆபீஸ் போன் அடித்தபோது அதை அணைத்துவிட்டாள்.

ரோஷினி வந்தாள். தலை கயிற்றைத் தாண்டியது. ஒன்று, இரண்டு. கஸ்தூரி தட்டினாள், நடு உச்சியில்.

ரோஷினியின் கை உடனே நீண்டது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் அவள் மிதந்து நின்றாள். விரல்கள் தண்ணீரைத் துழாவின. மறுபடி போய் வந்தாள், மறுபடியும் அப்படியே. மூன்று மாதம் பாடுபட்டுப் பழகியது உடம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஏழாவது தடவையும் அதே முழம். புதுக் கண்ணுக்கு அந்த இடைவெளி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. துழாவும் விரல் நுனிவரை தெரிந்தது.

"எவ்ளோ தூரம் இருக்குக்கா?" என்றாள் ரோஷினி.

எட்டு வருடமாக இந்தக் கேள்விக்குக் கஸ்தூரியின் பதில் ஒன்றுதான். கொஞ்சூண்டுதான் பாப்பா, தோ தொட்டுட்டே என்பாள். இப்போதும் அதுதான் நாக்குக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு மொயம் கீது, பாப்பா."

ரோஷினி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு, சுவரைத் தொடாமலே, எட்டாவது தடவைக்காக வந்த வழியே திரும்பிப் போனாள்.